புதையல் புத்தகம் படித்த மருமகன்

நான் திருடன் இல்லை. இப்படித் தொடங்குகிறவனை நம்பக்கூடாது என்பது எனக்கும் தெரியும். கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த காலம் முழுக்க இதே வசனத்தோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர். ஆனால் வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு வளவில் ஒரு தாய் மண்ணுக்குள் ஒளித்து வைத்த பொருளை, அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத் தோண்டியவன் நான். ஒன்றையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இன்றைக்கு நினைக்கிறேன். திருப்பிக் கொடுக்கவாவது ஏதும் கையில் இருந்திருக்கும்.

பசி என்று சொன்னால் மன்னித்துவிடுவீர்கள். சண்டைக்காலம், பிள்ளைகுட்டிக்காரன், என்ன செய்வான் பாவம் என்று நீங்களே எனக்காக ஒரு காரணம் தேடித் தருவீர்கள். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். ஊரே அரைவயிறாய்க் கிடந்த கிழமையிலும் என் வீட்டுப் பானையில் அரிசி இருந்தது. என்னைக் கெடுத்தது ஒரு சஞ்சிகை. அதைவிட அதிகமாக என்னைக் கெடுத்தது, அந்தச் சஞ்சிகையை வாசிக்கத் தெரிந்தவன் ஊரில் நான் ஒருத்தன்தான் என்ற மண்டைக்கனம்.

ஆரையம்பதியில் எனக்குச் சங்கக்கடையில் வேலை. சீனி, சீரகம், மல்லி எல்லாம் அந்த நாளில் சரையில்தான் போகும். கடதாசியைக் கூம்பாகச் சுற்றி, அடியை மடித்து, சாமானைப் போட்டு வாயை முடக்கிக் கொடுப்பதற்குத்தான் சரை என்று பெயர். அதற்குப் பழைய கடதாசி கட்டுக்கட்டாக வேண்டும். காத்தான்குடியில் கடதாசி வியாபாரம் செய்த ஒரு காக்காவிடம் வாங்குவோம்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். கொழும்பில் கப்பலால் இறங்கும் வெளிநாட்டுப் பழைய புத்தகங்களை அவர் நிறுவையில் எடுத்து வருவார். ஒருநாள் ஒரு கட்டைத் தனியே இழுத்துப் போட்டு, "இது நல்ல தடிப்புத் தாள் தம்பி, மிளகாய்த்தூள் போட்டாலும் கசியாது, கொண்டு போங்க" என்றார். கடைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தால் எல்லாம் ஒரே சஞ்சிகை, மாதம்தான் வேறு வேறு. மண்ணுக்குள் புதையல் தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கிற இங்கிலாந்துக்காரர்களுக்கு என்றே அச்சடித்த சஞ்சிகை.

இப்படியும் ஒரு பொழுதுபோக்கா என்று முதலில் சிரித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் முழங்கால்வரை றப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு வயதான ஆள் உழுத வயலுக்குள் நின்று உள்ளங்கையை விரித்துக் காட்டுகிறார். கையில் துருப்பிடித்த ஒரு பொத்தான், அல்லது ஒரு பழைய காசு, அல்லது என்னவென்று அவருக்கே தெரியாத ஒரு தகரத் துண்டு. 'இது என்னவென்று யாராவது சொல்லுங்கள்' என்று கடிதம் எழுதுகிறார்கள். அடுத்த மாதம் வேறொருவர், அது குதிரைச் சேணத்து வளையம் என்று பதில் எழுதுகிறார். மழை பெய்தது, மனைவி போத்தலில் தேநீர் ஊற்றித் தந்தாள், நாயும் கூட வந்தது என்று பக்கம் பக்கமாக இருந்தது. மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் மெசினுக்கு விளம்பரம் வேறு. அகராதியை வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். நாலைந்து நாளில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கட்டை மட்டும் சரை சுற்றவிடாமல் எடுத்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு, வளவு, கிணறு எல்லாம் பெண்ணுக்கு. நான் வேறு ஊரிலிருந்து வந்தவன். அந்தத் தெரு ஒழுங்கை முழுக்க எனக்கு மாமா, மாமி, மச்சான். எல்லாருக்கும் நான் 'மருமகன்'. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு விஷயத்திலும் என் வாயைப் பார்த்து யாரும் நின்றதில்லை. அந்தச் சஞ்சிகை வந்த பிறகு நின்றார்கள். பின்னேரம் கடை பூட்டியதும் விறாந்தையில் நாலைந்து பேர் வந்து குந்துவார்கள். "என்ன மருமகன், இண்டைக்கு எந்த வெள்ளக்காரன்ட வயலுக்க தங்கம் கிளம்பின?" என்று கிண்டலாகத்தான் தொடங்குவார்கள், பிறகு வாயைப் பிளந்து கேட்பார்கள். நானும் சும்மா விடவில்லை. பொத்தானை மோதிரம் ஆக்கினேன், ஒரு காசை ஒரு குடம் ஆக்கினேன். அகராதியில் இல்லாததை எல்லாம் என் வாயிலிருந்து சேர்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு இதழிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே விஷயத்தைக் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். நிலத்துக்காரரிடம் கேட்காமல் கால் வைக்காதே, தோண்டிய குழியை இருந்தபடியே மூடு, கண்டெடுத்ததை மறைக்காதே. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துச் சீரகச் சரைக்குக் கொடுத்துவிடுவேன். யாருக்கு வேண்டும் இந்த உபதேசம் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது.

எனக்குப் பிடித்தது ஒளித்து வைத்தவனின் மனதைப் படிப்பது பற்றிய கட்டுரைகள். மெசின் இல்லாவிட்டாலும் மூளை இருந்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவசரத்தில் ஒளிப்பவர்கள் தூரம் போகமாட்டார்கள். சமைக்கிற குசினி வாசலில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற இடமாகத்தான் தேர்ந்தெடுப்பார்கள். காரணம் இல்லாமல் அந்த இடத்தில் ஏதாவது நிற்கும், ஒரு கல், ஒரு செடி. அவர்களோடு பேச முடிந்தால் பேச்சுக் கொடுத்துப் பார், மனது எங்கே கிடக்கிறதோ வாய் அங்கேதான் போகும் என்றும் இருந்தது. இந்தக் கடைசி வரியை நான் விறாந்தையில் சொன்னபோது எல்லாரும் தலையாட்டினார்கள்.

பக்கத்து வளவு மாமி என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். புருஷன் வாவியில் தோணி கவிழ்ந்து போனவர். ஒரே மகன். எனக்கு மச்சான் முறை; நான் கல்யாணம் முடித்து வந்த புதிதில் என் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய், காற்று இறங்கின சில்லோடு கொண்டுவந்து சாத்திவிட்டுச் சிரிப்பான். ஒரு வருஷம் மாமாங்கக் கோயில் திருவிழா முடிந்து சில நாளில் துப்பாக்கி தூக்க இயக்கத்துக்குப் போய்விட்டான். அதன் பிறகு ஆமி என்று நாங்கள் சொல்லும் இராணுவம் இயக்கத்துப் பிள்ளைகளின் படங்களை வீடுவீடாகத் தேடுகிறது என்று கதை வந்தது. அப்படிப் பிள்ளைகள் போன வீடுகளில் எல்லாம் தாய்மார் படங்களை எரித்தார்கள். மாமியும் முற்றத்தில் வைத்து, ஒழுங்கையே பார்க்க, மகனின் படங்களை நெருப்பில் போட்டார். தொட்டில் பிள்ளையாய் இருந்த படம்கூடப் போனது. பக்கத்தில் நின்ற என் மனைவி அழுதாள். மாமி அழவில்லை.

பிறகுதான் பெரிய சண்டை தொடங்கியது. பெரிய றோட்டால் ஆமி வருகிறது என்றதும் ஊர் ஒரே நாளில் தோணியேறியது. வாவியைக் கடந்து மறுகரையான படுவான்கரைக்குப் போனோம். பழுகாமத்தில் மாமியின் தங்கை வீடு இருந்தது. மாமியும் நாங்களுமாக அங்கே ஒரு வளவுக்குள் ஒண்டிக்கொண்டோம். காத்தான்குடி முஸ்லிம் சனத்துக்கும் எங்களுக்கும் நடுவில் அந்த மாதங்களில் நடந்த கொலைகளுக்குப் பிறகு, காக்காவின் கடைப்பக்கம் நானும் போகவில்லை, அவரும் இந்தப் பக்கம் வரவில்லை.

கொஞ்சநாளில் சங்க ஊழியர்கள் திரும்பி வந்து கடையைத் திறக்க வேண்டும், நிவாரண அரிசி கொடுக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. நான் மட்டும் திரும்பிப் போனேன். புறப்படும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். மாடு நின்றால் அவிழ்த்துவிடு, கூரை கிடக்கிறதா பார். மாமி என்னைத் தனியே கூப்பிட்டார். "மருமகன், வளவ ஒருக்கா எட்டிப் பாருங்க. அந்த வாழக்குட்டிக்கு ஒள்ளுப்பம் தண்ணி ஊத்திவிடுங்க."

பத்து நாளுக்கு ஒருமுறை தோணியில் போய் மனைவி பிள்ளைகளைப் பார்த்து வருவேன். போகிற நேரம் எல்லாம் மாமி வளவு வாசல் படலையடியிலேயே நிற்பார். வீடு எரிந்ததா என்று கேட்கவில்லை. கதவைக் கழற்றிவிட்டார்களா என்று கேட்கவில்லை. "வாழ நிக்கிதா மருமகன்?" என்றுதான் கேட்பார். நிற்கிறது என்றால் முகம் தெளியும். மூன்றாம் தடவை கேட்டபோது, அந்த இங்கிலாந்துக்காரன் எழுதின வரி எனக்கு ஞாபகம் வந்தது. என் மனைவியிடம் சொன்னேன். "பாவம், தனிச்ச மனிசி. வாழையெண்டாலும் கேக்க இரிக்கிதே" என்றாள் அவள். அவளுக்கு அது இரக்கமாகப் பட்டது. எனக்கு அது துப்பாகப் பட்டது.

ஊரில் அப்போது எங்கள் ஒழுங்கையில் ஆள் நடமாட்டமே இல்லை. காலையில் பெரிய றோட்டில் ஆமிக்காரர்கள் காதில் கருவி மாட்டிக்கொண்டு, நீளத் தடியின் நுனியில் வட்டத் தட்டு வைத்த மெசினால் கண்ணிவெடி தேடிக்கொண்டு போவார்கள். சஞ்சிகையில் பார்த்த அதே மெசின். ஒருநாள் சைக்கிளோடு ஓரமாய் நின்ற நான், என் கெட்ட நேரத்துக்கு, எவ்வளவு ஆழம் வரைக்கும் காட்டும் என்று இங்கிலீசில் கேட்டுவைத்தேன். மத்தியானம் வரை வெயிலில் முழங்காலில் நிறுத்தினார்கள். கடைத் திறப்புச் சாவியைக் காட்டி, நிவாரணக் கடதாசியைக் காட்டி, கெஞ்சி மன்றாடித் தப்பி வந்தேன். அந்த முழங்கால் வலியிலாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மாமியின் வளவுக்குப் போனேன். வாழைக்குட்டி மாமர நிழலுக்குள் நின்றது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையும் அப்படி ஒரு இடத்தில் வாழை வைக்காது. வெயில் படாது, கிணற்றுத் தண்ணியும் ஓடிவராது. குசினி வாசலில் போய் நின்று பார்த்தேன், நேரே தெரிந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது, சந்தோஷத்தில். அதைத்தான் இன்றைக்கும் என்னால் சகிக்க முடியவில்லை. அந்த நிமிஷம் எனக்குத் தங்கம்கூட இரண்டாம்பட்சம். புத்தகம் சொன்னது சரி, நான் படித்தது சரி, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. தங்கம் இருந்தால் எடுத்திருப்பாயா என்று கேட்டால், எடுத்திருக்கமாட்டேன் என்று துணிந்து சொல்ல என்னால் முடியாது. பத்திரமாய் இருக்கிறதா என்று பார்க்கத்தானே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அரிசி மூட்டைக்குள் குத்தி, மாதிரிக்கு ஒரு பிடி எடுத்துப் பார்க்கும் கூரான இரும்புக் குழாய் ஒன்று கடையில் உண்டு. அதைக் கொண்டுபோயிருந்தேன். வாழைக்குப் பக்கத்தில் குத்தினேன். முழம் ஆழத்தில் தகரத்தில் தட்டியது. வாழையைப் பிடுங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு மண்ணைக் கிளறினேன். உரப்பையின் உள்ளே வரும் பொலித்தீனில் சுற்றி, சைக்கிள் ரியூப்பைக் கீலங்கீலமாக வெட்டி மூன்று சுற்று இறுக்கிக் கட்டிய ஒரு பால்மாத் தகரப் பேணி. மூடியைச் சுற்றி மெழுகுதிரி உருக்கி ஊற்றியிருந்தது. கத்தியால் ரியூப்பை அறுத்து, மெழுகைச் சுரண்டி, மூடியைக் கிளப்பினேன்.

தங்கம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை. நாலாக மடித்த ஒரு கடிதம். நடுவில் ஒரு படம், அரைத்தாள் அளவு, கறுப்பு வெள்ளை. மாமாங்கத் திருவிழாவில் சுற்றித் திரியும் படக்காரர்கள் எடுக்கிற மாதிரிப் படம். மாமியும் மகனும் தீர்த்தக்குளத்துப் படியில் நிற்கிறார்கள். அவன் கோடு போட்ட சேட்டுப் போட்டிருக்கிறான், காற்சட்டை இரவல் போல, நீளம் கூடிக் காலடியில் சுருண்டு கிடக்கிறது. படக்காரனைப் பார்க்காமல் அந்தப் பக்கம் தும்பு முட்டாஸ், அதாவது பஞ்சு மிட்டாய், விற்கிறவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். மாமி அவனுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் எரித்த மாமி இந்த ஒன்றை எரிக்கவில்லை. திருவிழாவில் எடுத்த படத்தின் பிரதி அவன் போன பிறகுதான் கைக்கு வந்திருக்கும். யாருக்கும் சொல்லாமல் வாங்கி வைத்திருக்கிறார். மகனின் முகம் என்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான். அது என் கையில் இருந்தது, என் கையெல்லாம் மண். பெண்கள் குளிக்கிற இடத்தில் எட்டிப் பார்த்தவன் போலிருந்தது.

அப்போது ஒழுங்கை முனையில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ரோந்து. அந்தப் படத்தோடு பிடிபட்டால் மாமிக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன் என்று எழுத ஆசை. எனக்கு என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் பேணிக்குள் திணித்து, மூடியைக் கையால் அமர்த்தி, பொலித்தீனை ஒரு சுற்றுச் சுற்றிக் குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளினேன். வாழையை நட்டேன். அறுத்த ரியூப் துண்டுகளைச் சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டு வேலியில் இருந்த பொட்டு ஓட்டையால் என் வளவுக்குள் புகுந்தேன். ரோந்து நிற்காமல் போய்விட்டது.

திரும்பப் போய் நன்றாகக் கட்டி மெழுகு ஊற்ற வேண்டும் என்று அன்று பின்னேரமே நினைத்தேன். மெழுகுதிரி கடையில் ஒரு பெட்டி கிடந்தது. நாளைக்கு என்று விட்டேன். நாளைக்கும் விட்டேன். பயம் என்று சொல்லலாம், ஆனால் ரோந்து தினமும் இரண்டு தடவைதான் வந்தது. உண்மையில் அந்தப் பக்கம் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் மனிதன் பிழையைத் திருத்துவான் என்று நினைக்கிறீர்களா? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். மேசைக்கடியில் இருந்த சஞ்சிகை முழுவதையும் எடுத்துச் சரை சுற்றினேன். நிவாரணச் சீனியை ஆட்கள் அந்த இங்கிலாந்துக்காரர்களின் உள்ளங்கைக்குள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த வருஷம் மாரி பேய்மழை. வாவி ஏறி வளவுகளுக்குள் வந்தது. மாமியின் மாமரத்தடியில் கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு கிழமை நின்றது. என் வீட்டுத் தாவாரத்தில் நின்றபடி நான் அதைப் பார்த்தேன்.

வேளாண்மை வெட்டு முடிகிற காலத்தில் சனங்கள் திரும்பினார்கள். மாமி வந்த மறுநாள் விடிய வெள்ளண, சேலைத் தலைப்பில் பேணியைப் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம் போகவில்லை, என்னிடம் வந்தார். ஊரில் விஷயம் தெரிந்த ஆள் நான்தானே. கடிதமும் அறிக்கையும் படமும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. சுடுதண்ணியில் நனைத்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். படக் கடதாசி வெள்ளையாய்ச் சொரசொரத்துக் கிடந்தது.

"பிரிச்சன் மருமகன். மூஞ்சி மத்தத் தாளோட போயிட்டு" என்றார். பிறகு, "ரியூப்பால மூணு சுத்துச் சுத்தினன், மெழுகுதிரி உருக்கி ஊத்தினன். ரியூப்பையும் காணல்ல. மெழுகும் வெடிச்சிக் கிடக்கு. மெழுகு தானா வெடிக்குமா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் காலில் விழுந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வெடிக்கும் மாமி. மண்ணுக்க சூடும் குளிரும் மாறி மாறி வரக்க மெழுகு வெடிக்கும். நான் படிச்ச அந்த இங்கிலீசுப் புத்தகத்தில இரிக்கி. ரியூப்ப எலி இழுத்திரிக்கும்" என்றேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது. விறாந்தையில் பழகின வாய்.

"அப்ப நான்தான் வடிவாக் கட்டல்ல" என்றார் மாமி. "ஒள்ளுப்பம் பெரிய பேணியா எடுத்து, உள்ளுக்கும் ஒரு பை போட்டிரிக்கணும். அவசரத்தில எனக்குப் புத்தி வேல செய்யல்ல." என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்து மாமியைக் கட்டிப்பிடித்தாள். நான் பேணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஊரெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லித் தன்னைத்தானே திட்டினார், பெத்த பிள்ளைட மூஞ்சியக் காப்பாத்தத் தெரியாத மூதேவி என்று. நான் கேட்டுக்கொண்டு திரிந்தேன்.

சில வருஷம் கழித்து மகன் இயக்கத்தை விட்டு விலகி வீட்டுக்கு வரும் வழியில் பிடிபட்டான் என்று யாரோ வந்து சொன்னார்கள். அதன் பிறகு தகவல் இல்லை. காணாமல் போனவர்களைப் பதிவதற்கு நகரத்தில் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு கந்தோர் வைத்திருந்தார்கள். மாமி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "உங்களுக்குத்தான் இங்கிலீசு வரும் மருமகன், நீங்க சொன்னா வடிவாச் சொல்லுவீங்க."

மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், பக்கத்தில் எழுதுவதற்கு ஒரு தமிழ்ப் பிள்ளை. பெயர், வயது, கடைசியாகக் கண்ட இடம் எல்லாம் சொன்னோம். படம் என்ற இடம் வந்தது. வெள்ளத்தில் பழுதாகிவிட்டது என்று இங்கிலீசில் சொன்னேன். அந்தப் பெண் விடவில்லை. படக்காரரிடம் படச்சுருள் இருக்கலாம், எந்த இடம், எப்படிப்பட்ட படம் என்று விபரமாகச் சொல்லுங்கள் என்றாள். அவள் என் இங்கிலீசைப் புரிந்துகொண்டு தலையாட்டியது எனக்கு ஏறிவிட்டது. சொன்னேன். குளத்துப் படி, கோடு போட்ட சேட்டு, காலடியில் சுருண்ட இரவல் காற்சட்டை, பார்வை அந்தப் பக்கம், தும்பு முட்டாஸ்காரன், தாயின் கை மகனின் முழங்கையில். ஒன்றும் விடவில்லை.

தமிழ்ப் பிள்ளை எழுதியதை மாமிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாள், சரியென்றால் கையெழுத்து வைக்க. மாமி ஒவ்வொன்றுக்கும் ஓம் ஓம் என்று வந்தார். முழங்கை வந்ததும் நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பினார். "இந்தப் படத்த நான் ஆருக்கும் காட்டல்லயே, மருமகன்" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்காது. நான் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

பஸ்ஸில் பக்கத்தில்தான் இருந்தார். பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டியது. நான்தான், "மாமி, நான் அண்டைக்கு..." என்று இழுத்தேன்.

"அது கிடக்கட்டும்" என்றார். யன்னலால் வெளியே பார்த்தபடி, "கையப் புடிச்சிட்டு நிண்டத நானே மறந்திட்டன். வேற என்ன இரிந்திச்சு அதில? அதச் சொல்லுங்க" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒழுங்கைச் சனத்தைக் கூட்டி என் முகத்தில் காறித் துப்பியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவருக்குத் தேவை இருந்தது, அதனால் என்னைத் திட்டவில்லை. அந்தப் படத்தைக் கடைசியாகப் பார்த்த ஆள் நான். அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு மூன்று தடவை வேலியடிக்கு வருவார், அல்லது நான் போகிற நேரம் கூப்பிடுவார். "ஒருக்காச் சொல்லுங்க மருமகன்" என்பார். நான் படியிலிருந்து தொடங்குவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மனைவி ஒருநாள் இதைக் கண்டுவிட்டு அது என்ன கதை என்று கேட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, பிறகு மாமியிடம் போய் அழுதாள். மாமி அவளையும் ஒன்றும் சொல்லவில்லை.

வருஷங்கள் போகப் போக எனக்குப் படம் கலைந்தது. சேட்டின் கோடு நெடுக்கா குறுக்கா என்று தெரியாது. முகம் மறந்தே போய்விட்டது, உண்மையாகச் சொல்கிறேன், அந்த முகத்தின் இடத்தில் என் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சிரித்த பொடியனின் முகம்தான் வந்து நிற்கும். ஆனால் சொல்லுவதை நிறுத்தவில்லை. இல்லாததைச் சேர்த்துச் சொல்வது எனக்குப் புதிதா என்ன. பின்னால் கோபுரம் தெரிகிறது என்றேன், நெற்றியில் திருநீறு என்றேன்.

சண்டை முடியப் போகிற நாட்களில் ஒரு பகல். மாமி குசினி வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போலத் தொடங்கினேன். அன்றைக்கு அவரைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியது. "உங்களப் பாத்துச் சிரிச்சிட்டு நிக்கிறான் மாமி" என்றேன்.

மாமியின் கை நின்றது.

"இல்ல மருமகன். அவன் என்னப் பாக்கல்ல, அங்கால பாத்திட்டு நிண்டான். நீங்கதானே சொன்னீங்க" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப நீங்களும் மறந்திட்டீங்க."

பிறகு சட்டிக்குள் இருந்த அடுத்த இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் படத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.